பொருள்: ஒழுகும் மோட்டார்

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யார் வாயிலிருந்தாவது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். எழுதச் சொன்னவர் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் கணேசமூர்த்தியண்ணன். பெறுநர், தோட்ட நிர்வாகம். மம்பாவுக்கு அப்பால் இருக்கும், பாமாயில் எடுக்கிற எங்கள் செம்பனைத் தோட்டத்தில் கடிதம் என்றால் வள்ளிநாயகி, அதாவது நான். பகலில் பழ லோரிகளை நிறுக்கும் தராசு மேடையில் எனக்கு வேலை. மாலையில் தண்ணீர் வராதவர்கள், தெருவிளக்கு எரியாதவர்கள், பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டியவர்கள் வருவார்கள். ரந்தாவில் ஆசிரியர் கற்றுக்கொடுத்த முறையை இன்றுவரை நான் மீறியதில்லை: பொருள் வரிக்குக் கீழே கோடு, முதல் பத்திக்கு எண் கிடையாது, இரண்டாம் பத்தியிலிருந்து எண். இந்தப் பத்திக்கு எண் இல்லாததற்குக் காரணம் அதுதான். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

2.

புகாரின் முதல் வரியை, அண்ணன் சொல்வதாக, இப்படி எழுதினேன்: “என் தங்கை ரோகினி குடியிருக்கும் வீட்டின் அஞ்சடியில், அடையாளம் தெரியாத மோட்டார் ஒன்றின் எண்ணெய்க் கறை அடிக்கடி காணப்படுவதை”

அங்கேயே பேனா நின்றுவிட்டது. (மோட்டார் என்றால் எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிள். அஞ்சடி என்பது வீட்டுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குச் சிமெண்ட் போட்ட இடம். ஐந்தடி என்பது பேச்சு. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், நாலரைதான் தேறும்.) கை வலித்து நிற்கவில்லை. ‘அடையாளம் தெரியாத’ என்பது பொய். அந்தக் கறையின் அடையாளம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். தெமியாங்கில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு வந்துபோகும் கணேசமூர்த்தியண்ணன் ஒருவருக்குத்தான் தெரியாது.

பொய்யைக் கடிதத்தில் எழுத மாட்டேன். கதையில் எழுதலாம் என்பார்கள். அதனால் தாளைத் திருப்பிப் போட்டு, கதையாகத் தொடங்கினேன்.

தொடக்கம் ஒன்று: “மாயாண்டியின் மோட்டார் நின்ற இடத்திலெல்லாம் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் போகும்.”

தொடக்கம் இரண்டு: “செம்பனை மட்டையின் முள் இருக்கிறதே, அது பார்ப்பதற்கு” (விட்டுவிட்டேன். முள்ளை வர்ணித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?)

தொடக்கம் மூன்று: “ரோகினி கதவைத் திறந்தபோது வாசலில்” (ஞாயிறு பத்திரிகையில் வரும் கதைகளில் பாதிக்கு மேல் ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். ரோகினி வீட்டுக் கதவு சாத்தியே இருக்காது.)

ஒன்றையே வைத்துக்கொள்கிறேன். ஒரு குறை மட்டும்: அதில் மோட்டார் கதாநாயகனாகிவிடுகிறது. பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சரிசெய்தது நான் இல்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

3.

ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குக் கதை விளங்காது.

எங்கள் தோட்டத்தில் ஓடுகிற மோட்டார்கள் எல்லாம் வயசானவை. எல்லாம் ஒழுகும். ஆகவே ஒவ்வொரு வீட்டு அஞ்சடியிலும் எஞ்சின் நிற்கும் இடத்துக்கு நேர்கீழே ஒரு மூடி கிடக்கும். பிஸ்கட் டின் மூடி, பெயிண்ட் டின் மூடி, எது கிடைக்கிறதோ அது. நாள்பட நாள்பட அந்த மூடி வெறும் மூடியாக இருப்பதில்லை. இந்த வீட்டில் ஓர் ஆளும் மோட்டாரும் உண்டு என்பதற்கு அது அத்தாட்சி. விருந்தாளி மோட்டாருக்கு மூடி கிடையாது. அது செம்மண் பாதையில் நின்று ஒழுகிவிட்டுப் போகும். மகன் மோட்டாரோடு ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அம்மா மூடியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைப்பாள். அடுத்த வீட்டு மூடிமேல் தன் மோட்டாரை நிறுத்தி அடிவாங்கியவர்களும் உண்டு.

மாயாண்டி வீட்டில் நீலப் பெயிண்ட் மூடி. ரோகினி வீட்டில், அவள் புருஷன் தவறிப்போன வாரத்திலிருந்து, மூடி இல்லை. கறை மட்டும் வந்திருக்கிறது.

4.

மாயாண்டி பழம் அறுக்கிறவன். ஐம்பதைத் தாண்டியவன், மனைவியை இழந்தவன். ரோகினி நீலாய்த் தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கிறாள். விடியும் முன்பே தோட்டத்து முனையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மாலையில் மாயாண்டி வருவான். அவள் தேநீர் கொடுப்பாள். அவன் அஞ்சடி ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கு அவர்கள் பேச்சு காதில் விழும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு நாள் பேச்சைத் தருகிறேன்.

“இன்னைக்கு என்னா கறி அங்க?”

“ஐநூறு பேருக்குக் கத்திரிக்கா. உப்பு கொறச்சலாப் போச்சி.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

“பங்களாதேசுக்காரப் பையன் ஒருத்தன் மட்டும் சிரிச்சான்.”

“கொஞ்சம் கொண்டாந்திருக்கலாம்லா. நா உப்பு போட்டுத் தின்னுருப்பேன்.”

அவ்வளவுதான். ஆனால் ரோகினியின் வீடு கணேசமூர்த்தியண்ணன் பெயரில் இருக்கிறது. “ஊரு வாயில விழுந்தேன்னு வையி, வீட்டப் பூட்டிட்டு தெமியாங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்க நீ வேலைக்கும் போவ வேணாம்” என்று அவர் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார். சொன்னதைச் செய்கிறவர். வில்லன் இல்லை, புருஷன் செத்த அன்றைக்கு ஒற்றை ஆளாக ஓடி எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான். அன்றிலிருந்து தங்கையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தை ஒரு உத்தியோகம்போலப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

ஆகவே பெரிய பாதையில் வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று மாயாண்டி செம்பனைக்குள் புகுந்து வருவான். ரோகினி வீடு கடைசி வீடு, பக்கத்திலேயே செம்பனை. ஆனால் அந்தப் பாதை நெடுக அறுத்துப்போட்ட மட்டை, மட்டை நெடுக முள். ரகசியமாக வந்த பாதையால்தான் டயர் கெட்டது. நல்ல பாதையில் வந்திருந்தால் இந்தக் கதையில் பாதி எனக்கு மிச்சமாகியிருக்கும்.

5.

கணேசமூர்த்தியண்ணன் கறையைக் கவனித்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன்.

“இது என்னா?”

“எண்ணெ” என்றாள் ரோகினி.

“எண்ணெதான்னு தெரியுது. யாரு எண்ணெ?”

“அடுப்புக்கு கேஸ் தோம்பு கொண்டாந்து போடுறவன் நிறுத்துவான்.”

“அவன் வேன்லல்ல வாரான்?”

ரோகினி உள்ளே போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள். அண்ணன் கைப்பேசியை எடுத்துக் கறையைப் படம் பிடித்தார். கோயில் வாட்சாப் குழுவில் போட்டு, ‘இது யாருடைய மோட்டார்? உண்மை தெரிந்தவர்கள் கூறவும்’ என்று எழுதினார். குழுவில் தோட்டமே இருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. போட்டவன் மாயாண்டி.

“ஏன்டா போட்ட?” என்று அப்புறம் கேட்டேன்.

“அழிக்கலாம்னு அமுக்குனேங்க்கா. கையில எண்ணெ.”

நல்லவேளையாக, தலைவர் எது போட்டாலும் மாயாண்டி கட்டைவிரல் காட்டுவது வழக்கம் என்பதால் அண்ணன் அதைப் பொருட்படுத்தவில்லை. வேறு திட்டம் போட்டார். அடுத்த ஞாயிறு திருவிழா அழைப்பிதழை வீடுவீடாகத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுக்கும்போது குனிந்து ஒவ்வொரு எஞ்சினையும் பார்ப்பார். என்னிடம் புகாரை எழுதச் சொல்லும்போது இதையும் சொன்னார்: “நீ கடுதாசிய ரெடி பண்ணி வையி வள்ளி. பேர நா ஞாயித்துக்கெழம தாரேன்.”

6.

விஷயம் காதில் விழுந்தபோது மாயாண்டிக்கு ஒரு வாரம் இருந்தது. ரந்தாவில் மோட்டார் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு மணி நேர வேலை. ஆனால் எத்தனையோ வருஷமாக ஒழுகவிட்டவன் இந்த வாரம் மட்டும் ஏன் அடைக்க வந்தான் என்று கடையில் கேள்வி வரும். தேநீர் ஆறும் முன்பே பதில் தோட்டத்துக்கு வந்துவிடும். ஆகவே வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடிவு செய்தான்.

முதலில் டயர். முள்ளைப் பிடுங்கினான். டியூப்பைக் கழற்றி ஒட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு வேறு யோசனை வந்தது: டியூப்புக்குள் ரப்பர் பால் ஊற்றினால் சுற்றும்போது ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். யோசனை சரிதான். கோயிலுக்குப் பின்னால் விட்டுவைத்த பழைய ரப்பர் மரத்தில் கீறிப் பால் எடுத்தான். ஊற்றுவதற்கு எடுத்த பாட்டில்தான் தப்பு. முன்பு பாலை உறையவைக்கும் ஆசிட் இருந்த பாட்டில் அது. ஊற்றுகிறவரை பாலாக இருந்தது, உள்ளே போய்ச் சோயாத் தவ்ஃபூபோலக் கட்டியாகிவிட்டது. ஓட்டை அடைந்தது, ஆனால் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொப்’ என்றது. அதுவரை பார்த்தால்தான் தெரியும் என்றிருந்த அவன் வரவு இப்போது கேட்டாலே தெரிந்தது.

பிறகு எண்ணெய். எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, எஞ்சினைத் துடைத்து முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவி ஓடவிட்டான். இது நல்ல முறை. எண்ணெய் கசியும் இடத்தில் பவுடர் கறுக்கும். பழைய எண்ணெயை இறக்குகிற அடிப் போல்ட்டில் கறுத்தது. வாஷர் தேய்ந்துபோயிருந்தது. புது வாஷர் வாங்கக் கடைக்குப் போகவேண்டுமே. சிலிப்பரை வெட்டி வாஷர் செய்தான்.

நான் பார்க்கப் போனபோது மோட்டார் மல்லிகை வாசனையோடு நின்றது. ஒரு காலில் சிலிப்பர் இல்லாமல் அவன் நின்றான்.

“சூட்டு எண்ணெயில ரப்பர் நிக்குமாடா?”

“நிக்காதா?”

நிற்கவில்லை. ஊறிப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. இறுக்கினால் சரியாகிவிடும் என்று ஸ்பேனருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் போட்டு இறுக்கினான். மரை போய்விட்டது. சொட்டு நூலாகிவிட்டது. போல்ட்டைச் சுற்றித் துணியைத் திணித்து வைத்திருந்தான். இனி எஞ்சினை ஓட்ட முடியாது. நீலப் பெயிண்ட் மூடி நிரம்பி, குண்டான் வைக்க வேண்டியதாயிற்று.

(வீட்டில் மோட்டார் பழுதுபார்க்க நினைக்கும் வாசகருக்கு: பவுடர்வரை மாயாண்டியைப் பின்பற்றலாம். அதற்குமேல் வேண்டாம்.)

7.

இந்த இடத்தில் கதையை முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: சனிக்கிழமை மாயாண்டி சிரம்பான்வரை பஸ்ஸில் போய், தெரியாதவர் கடையில் போல்ட் வாங்கி வந்து அடைக்கிறான். ஞாயிறு அண்ணன் குனிந்து பார்க்கிறார். சொட்டு இல்லை. எல்லாரும் பிழைத்தார்கள்.

முடிவு ஆ: மாயாண்டி மோட்டாரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, இனி ரோகினி வீட்டுப் பக்கம்

(முடிக்கவில்லை. எனக்கே பிடிக்கவில்லை.)

மாயாண்டிமேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவன் எப்படிப்பட்டவன்? ஒரு வாரம் முழுக்க ஒழுகலை மறைக்கப் பாடுபடுகிறான். ஒழுகல் ஏன் மறைய வேண்டும் என்று ஒரு தடவையாவது யோசித்தானா? கதாபாத்திரம் சரியில்லையா, நான் எழுதியது சரியில்லையா என்று தெரியாமல், சனிக்கிழமை மாலை தாள்களை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் எந்தக் கடிதத்தையும் நான் அனுப்பியதில்லை.

ரோகினி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். கட்டைவிரல் வந்த இடத்தில் சிரித்தாள். சிலிப்பரில் இன்னும் சிரித்தாள். முடிவு அ முடிந்ததும் மாவிலிருந்து கையை எடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா நா எங்க?”

“நீதான் இருக்கியே. தேத்தண்ணி கொடுக்குற. கத்திரிக்கா.”

“தேத்தண்ணி கொடுத்தேன், தேங்கா துருவுனேன். மாயாண்டி ஓடுறாரு, அண்ணன் ஓடுறாரு, மோட்டாரு ஓடுது. நா அஞ்சடி மாதிரியே கெடக்குறேன். எம் மேல சொட்டுது, அவ்வளவுதான்.”

நான் தாளைப் புரட்டினேன். சரியாகத்தான் சொன்னாள்.

“வீட்டுக்கு வரட்டுமான்னு எங்கிட்ட மாயாண்டி கேக்கல. யாரு வராங்கன்னு அண்ணனும் எங்கிட்ட ஒழுங்காக் கேக்கல, எண்ணெயப் பத்தித்தான் கேட்டாரு. நீங்களும் கேக்கலக்கா.”

“சரி, இப்பக் கேக்குறேன். வீட்ட விட்டுப் போவச் சொன்னா என்னா செய்வ?”

“பயமாத்தான் இருக்கு. நீலாய் வேன் தெமியாங்குக்கு வராது. வந்தாலும் அண்ணி அடுப்படியிலேருந்து என்னைய விட மாட்டாங்க.” கையைக் கழுவினாள். “ஆனா யாரு மோட்டாருன்னு தோட்டம் முழுக்கத் தேடுறதுக்கு, நானே சொல்லிட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும்லா.”

அலமாரி மேலிருந்து முறுக்கு டின்னை இறக்கினாள். பெரிய சிவப்பு மூடி, ஓரத்தில் தங்கநிறக் கோடு, கீறல் இல்லாதது. தீபாவளிக்கு மட்டும் எடுக்கிற டின். மூடியைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, வெளியே கொண்டுவந்து கறைக்கு மேல் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, காலால் ஓரமாக ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

“மாயாண்டிகிட்டச் சொல்லிருங்க. முறுக்கு நமுத்துப்போச்சின்னா அவருதான் பொறுப்பு.”

8.

சொன்னேன். மாயாண்டி குண்டானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

“எந்த மூடி?”

“முறுக்கு டின் மூடி.”

“அது நல்ல மூடியாச்சேக்கா.”

“அதத்தான் சொல்றேன்.”

“தலைவரு வீட்ட எடுத்துக்கிட்டாருன்னா?”

“அது தெரிஞ்சிதான் வெச்சிருக்கா. நீ என்னா செய்யப்போற?”

“வண்டி ஓடாது.”

“ஓடாதுதான்.”

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். பிறகு, வள்ளிநாயகி கதைக்காக ஆளைத் தூண்டிவிட்டாள் என்ற பேச்சு வரக் கூடாது.

9.

ஞாயிற்றுக்கிழமை காலை கணேசமூர்த்தியண்ணன் மேல் லயத்திலிருந்து தொடங்கவில்லை. நேரே தங்கை வீட்டுக்குத்தான் முதல் அழைப்பிதழ். மூடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எங்கள் தோட்டத்தில் பிறந்தவர். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“ரோகினி.”

வெளியே வந்தாள்.

“இது எதுக்கு?”

“மோட்டாருக்கு.”

அண்ணன் குனிந்து மூடியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். “காலியா இருக்கு.”

“வண்டி ரிப்பேருண்ணே. தள்ளிட்டுத்தான் வரணும்.”

அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் சத்தம் கேட்டது. டொப். கொஞ்சம் கழித்து, டொப். செம்பனைப் பக்கமிருந்து வரவில்லை. பெரிய பாதையிலிருந்து வந்தது. மாயாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் அஞ்சடிக்கு வந்துவிட்டார்கள். துணியை மீறி ஒழுகிய எண்ணெய், அவன் வீட்டிலிருந்து எங்கள் லயம்வரை பாதை நெடுகக் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. ஒரு சொட்டை மறைக்க முடியாமல் ஒரு வாரம் அல்லாடியவன் தன் கையாலேயே கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். இதை நானாக எழுதியிருந்தால் அதிகம் என்று அடித்திருப்பேன். அவன் செய்துவிட்டான்.

“வாங்க தலைவரே” என்றான், வந்தது தான் என்பதை மறந்து.

“என்னப்பா மாயாண்டி, மோட்டாரு மணக்குது?”

“பவுடருங்க.”

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மாயாண்டி அஞ்சடி விளிம்பில் மோட்டாரை ஏற்றி, பழைய கறைக்கு நேராக நிறுத்தி, ஸ்டாண்டைக் காலால் இறக்கினான். பிறகு கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தான். வெள்ளைச் சட்டை அத்தோடு போயிற்று. ரோகினி அவன் பக்கமும் போகவில்லை, அண்ணன் பக்கமும் போகவில்லை, வாசற்படியில் நின்றாள். “அண்ணே,” என்றாள், “அது அங்க வெக்கிறதுக்கு.”

முதல் சொட்டு சிமெண்டில் விழுந்தது.

10.

பிறகு என்ன நடந்தது என்று எங்கள் லயத்துக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை. எழுத வராமல் இல்லை; எழுதி, எண் போட்டு, ரோகினிக்கு வாசித்தும் காட்டினேன். அவள்தான் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டாள்.

“அண்ணன் என்னா செஞ்சாருன்னு போடாதீங்கக்கா. படிக்கிறவங்களும் தங்கச்சி, அக்கா, அம்மான்னு யாரையாச்சும் வெச்சிருப்பாங்கள்ல. அவுங்கன்னா என்னா செய்வாங்கன்னு கேளுங்க.”

கேட்கிறேன். நிர்வாகத்துக்கு எழுத வேண்டிய புகார் அந்த முடியாத வரியோடு என் மேசையில் கிடக்கிறது. பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் ‘அடையாளம் தெரியாத’ என்று இனி எந்த மோட்டாரைப் பற்றி எழுதுவது?

ஆகவே இந்தக் கடிதத்தின் பெறுநர் நீங்கள். நிற்கிற இடம் கடைசி வீட்டு அஞ்சடி. ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையில் எண்ணெயோடு ஒரு மனிதன், வாசற்படியில் உங்கள் வீட்டுப் பெண், பின்னால் லயம் முழுக்கக் கண். சிவப்பு மூடி உங்கள் கையில். வீடும் உங்கள் பெயரில். குனிந்து வைக்கலாம். எடுத்துக்கொண்டு போகலாம். கடிதத்தில் ‘விரைவான நடவடிக்கை’ என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் அது அலங்காரம். இங்கே அப்படியில்லை. இரண்டாவது சொட்டு போல்ட்டின் நுனியில் திரண்டு நிற்கிறது.